ரீசெட் பொத்தானை அழுத்துமுன்

இரவு பத்துக்குப் பிறகு கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புக் கடை ஒன்றும் திறந்திருக்காது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையும் அடங்கிவிடும். பகலில், தண்டைத் தாங்கிச் சுழலவிடும் 6205 பெயரிங் ஒன்று போனால் ஸ்டோர்ஸ் பொடியனை மோட்டர் சைக்கிளில் அனுப்பி எடுப்பித்துவிடலாம். அதே பெயரிங் இரவு இரண்டு மணிக்குக் கத்தத் தொடங்கினால், றாக்கையில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இரத்மலானை, பேலியகொடை, பியகம, ஏக்கலை என்று கொழும்பைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பராமரிப்புப் பொறியியலாளரின் நிலைமை இதுதான். இயந்திரம் பகலில் பழுதாகிற மாதிரித்தான் இரவிலும் பழுதாகிறது. ஆனால் பகலில் கேட்க ஆள் உண்டு, கடை உண்டு, கம்பனி முகவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு. இரவில் ஒரு எலெக்ட்ரிஷியன், ஒரு ஃபிட்டர், முதுகுக்குப் பின்னால் "தவ கொச்சர வெலா யயித சேர்?" என்று நிற்கும் உற்பத்தி மேற்பார்வையாளர். இன்னும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதற்குப் பதில் தேடிப் பனல் கதவைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது, மோட்டர் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயின் ரீசெட் பொத்தான். அழுத்தினால் லைன் ஓடும். இருபது நிமிடமும் ஓடலாம், மூன்று நாளும் ஓடலாம்.

ட்ரிப் ஆகி, அதாவது காப்பு வெட்டி, நிற்கும் இயந்திரத்தில் அது ஏன் நின்றது என்பதற்கான தடயங்கள் அப்படியே கிடக்கின்றன: சூடு, மணம், எரியும் விளக்கு, எரியாத விளக்கு, திரையில் பிழை எண். ரீசெட் செய்த கையோடு அதில் பாதி அழிந்துவிடும். ஆகவே கை பொத்தானுக்குப் போகுமுன் தொலைபேசி வெளியே வரட்டும். திரை, பனல் உட்புறம், இயந்திரத்தை நடத்தும் சிறு கணினியான பிஎல்சியின் விளக்கு வரிசை, சிலிண்டர்கள் நின்ற நிலை என்று நான்கைந்து படங்கள். அரை நிமிட வேலை. காலையில் வரும் ஆளுக்கு வாயால் விளக்கிக்கொண்டிருப்பதைவிட அந்தப் படம் நன்றாகப் பேசும்.

ஷிஃப்ட் மாறும் நேரம்

பத்து மணிக்கு ஷிஃப்ட் என்றால் ஒன்பதே முக்காலுக்கு உள்ளே நிற்கவேண்டும். "எல்லாம் ஓகே" என்று பையைத் தூக்குகிறவரை மறித்து நாலு கேள்வி கேட்கலாம். எது தற்காலிகமாகக் கட்டப்பட்டு ஓடுகிறது? எந்தக் காப்பு, எந்த சென்சர் பைபாஸ் செய்யப்பட்டிருக்கிறது? மின்சாரத்தை வெட்டும் எந்த ஐசொலேட்டரில் யாருடைய பூட்டுத் தொங்குகிறது? ஸ்டோர்ஸிலிருந்து இன்று எடுத்த பொருட்கள் எவை?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. இருந்த ஒரே 24 வோல்ட் ரிலேயைப் பகலில் போட்டுவிட்டார்கள் என்பது, இரவு மூன்று மணிக்கு வெறும் பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியவரும். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார்; சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும், பொருள் அட்டையான பின் கார்டில் எண்ணிக்கை இருக்கும், பொருள் இருக்கிறதா என்பது வேறு விடயம். ஆகவே முக்கியமான பத்துப் பன்னிரண்டு பொருட்களை ஷிஃப்ட் தொடக்கத்தில் கண்ணால் பார்த்து வைப்பது நல்லது.

அதன்பின் ஒரு சுற்று. இந்தச் சுற்றில் ஒப்பரேட்டர்களோடு பேசுவதுதான் பெரிய பகுதி. கொழும்புத் தொழிற்சாலையில் பெரும்பாலும் பேச்சு சிங்களத்தில்தான் போகும். ஐந்து சொற்றொடர் காதில் ஏறினால் பாதி நோய் பிடிபடும். "சத்தே வெனஸ்" என்றால் சத்தம் மாறியிருக்கிறது: பெயரிங், பெல்ட், கியர். "ரத் வெனவா", சூடாகிறது. "ஹிர வெனவா", இறுகுகிறது, சிக்குகிறது. "கெஸ்ஸெனவா", உதறுகிறது: சங்கிலி தளர்ந்திருக்கலாம், காற்றழுத்தம் ஏறி இறங்கலாம். "பிச்சுனு கந்தக் எனவா" என்று யாராவது சொன்னால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். எரிந்த மணம் வருகிறது என்று அர்த்தம். ஒப்பரேட்டர் அந்த இயந்திரத்தோடு எட்டு மணித்தியாலம் நிற்கிறார். நாம் வந்து எட்டு நிமிடம் நிற்கிறோம். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "வழமைக்கு மாறான அதிர்வு" என்று மாற்றி எழுதினால் விடயம் செத்துவிடும்.

காற்றில் வரும் தண்ணீர்

சுற்றில் அதிக நேரம் நிற்கவேண்டிய இடம் கொம்பிரசர் அறை. கொழும்பில் இரவிலும் 27 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்பது சாதாரணம். அந்தக் காற்றின் ஒரு கன மீற்றரில் ஏறக்குறைய 22 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. நிமிடத்துக்கு 10 கன மீற்றர் இழுக்கும் ஸ்க்ரூ கொம்பிரசர் எட்டு மணித்தியாலம் முழு லோடில் ஓடினால் 4,800 கன மீற்றர் காற்றை விழுங்கும். கூடவே நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர்.

அந்தக் காற்று 7 பாருக்கு அமுக்கப்பட்டு, 37 பாகை அளவுக்குக் குளிரும்போது, ஆஃப்டர் கூலரிலும் டாங்கியிலுமாக எழுபத்தைந்து லீற்றரளவு தண்ணீராகிவிடும். மிச்சத்தில் பெரும்பகுதியை, இன்னுமொரு இருபது லீற்றருக்கு மேல், 3 பாகைப் பனிநிலையில் (ஆவி தண்ணீராகும் வெப்பநிலை) ஓடும் ட்ரையர் பிடிக்கவேண்டும். ஒரு இரவுக்கு ஒரு பீப்பாய்த் தண்ணீரில் பாதி. அது முழுவதும் வெளியே போகும் வழி, தானாகத் திறந்து தண்ணீரை விடும், விரல் மொத்தத்தில் சில ஓட்டோ ட்ரெய்ன்கள். அவற்றில் ஒன்று அடைத்தால் தண்ணீர் லைனுக்குள் போகும். சிலிண்டர் சோம்பும், சொலனொயிட் வால்வின் ஸ்பூல் ஒட்டும், சைலன்சரிலிருந்து வெள்ளைத் துளி தெறிக்கும். பக்கிங் லைனில் "காற்று பலமில்லை" என்ற முறைப்பாடு வரும். மேற்பார்வையாளர் ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுவார். நோய் அங்கே இல்லை.

பார்க்கும் விதம் எளிது. ட்ரெய்னிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். முதலில் தண்ணீர், பிறகு காற்று வந்து, கையை எடுத்ததும் நின்றால் நலம். காற்று மட்டும் விடாமல் சீறினால் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டது; காசு போகிறது. ஒன்றுமே வராவிட்டால் அநேகமாக ஸ்ட்ரெய்னரில் துரு. முன்னாலுள்ள போல் வால்வை மூடி, உள்ளே நிற்கும் அழுத்தத்தை விடுவித்து, ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவிப் பூட்டலாம். அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திருகுகிறவர்களுக்குக் கண் போகும். கழுவியும் வேலை செய்யாவிட்டால் விடியும்வரை கையால் மணிக்கொரு தடவை திறந்துவிட ஒருவரை நியமித்து, அதை எழுதி வையுங்கள்.

இன்னொன்று. இரவில் லோட் குறைந்தால் ஸ்க்ரூ கொம்பிரசர் சரியாகச் சூடேறாமல் ஓடும். வெளியேறும் வெப்பநிலை 75 முதல் 95 பாகைக்குள் நிற்பது வழமை. அதற்குக் கீழேயே நெடுநேரம் ஓடினால் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கி, பார்வைக் கண்ணாடியில் பால் கலந்த பிளேன்ரீ போலத் தெரியும். இரண்டு கொம்பிரசர் பாதிப் பாதியாக ஓடுவதற்குப் பதில் ஒன்றை நிறுத்தி மற்றதை நன்றாக ஓடவிடுவது மேல்.

இரவு ஷிஃப்டுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வாய்ப்பும் உண்டு: எல்லா லைனும் நிற்கும் சாப்பாட்டு நேரத்தில் கசிவை அளக்கலாம். யாரும் காற்றுப் பாவிக்காதபோது கொம்பிரசர் எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அமுக்கிக்கொண்டு) ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் (அமுக்காமல்) நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். 2 நிமிடம் லோட், 6 நிமிடம் அன்லோட் என்றால், இரண்டை எட்டால் வகுத்து, 25 வீதம் கசிவு. பத்து வீதத்துக்கு மேல் போனாலே காதைத் தீட்டிக்கொண்டு தேடவேண்டும். 7 பாரில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 500, 600 லீற்றர் காற்றை விடும்; கொம்பிரசரில் மூன்று கிலோவாட்டுக்கு மேல் அந்த ஒரு ஓட்டைக்காகவே சுற்றுகிறது. பகல் இரைச்சலில் கேட்காத சீறல் இரவில் கேட்கும்.

பத்தரை மணியும் மின்சாரமும்

தொழிற்துறைக் கட்டணத்தில் மாலை 6:30 முதல் இரவு 10:30 வரை உச்ச நேரம், 10:30 முதல் காலை 5:30 வரை மலிவு நேரம். பெரிய சில்லர், அரவை இயந்திரம், பம்ப் போன்றவற்றை 10:20க்குத் தொடக்கிவிட்டு "நேரத்தோடு தொடங்கினோம்" என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. பத்தரை தாண்டி, ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடக்கினால் கேவீஏ உச்சத் தேவை (மாதத்தில் ஒரு நேரத்தில் இழுத்த அதிகூடிய அளவு) ஏறி மாத பில்லில் உட்கார்ந்துகொள்ளும்.

மின்வெட்டுக்குப் பிறகும் இதே கணக்குத்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலம் நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதும் நினைவிருக்கும். மின்பிறப்பாக்கி தொடங்காததற்கு முதல் காரணம் அநேகமாக பட்டரி. நிற்கும்போது 24 வோல்ட் காட்டுவதை நம்பக்கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீற்றரைப் பிடித்துப் பாருங்கள், 18க்குக் கீழே விழுந்தால் பட்டரியின் காலம் முடிந்தது. இயந்திரம் எடுத்தபின், வீண் மின்னோட்டத்தைக் குறைக்கப் போட்டிருக்கும் கெப்பசிட்டர் பாங்க் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லோட் குறைந்த மின்பிறப்பாக்கியோடு அது சேர்ந்தால் வோல்டேஜ் கண்டபடி ஏறும்.

மின்சாரம் திரும்பி வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் நிலைக்க விட்டு, முதலில் குளிர்நீர், விசிறிகள், பிறகு கொம்பிரசர், ட்ரையர், அதன்பின் லைன்கள். வெளியே லைனிலோ ட்ரான்ஸ்ஃபோமரிலோ வேலை நடந்து மின்சாரம் வந்தால், பேஸ் ஒழுங்கு (மூன்று மின்கம்பிகளின் வரிசை) மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொடக்கக்கூடாது. தலைகீழாகச் சுற்றும் ஹைட்ரோலிக் பம்ப் பழுதாகச் சில நொடிகளே போதும்.

ஓவர்லோட் ட்ரிப்: கொஞ்சம் கிட்டப் போய்

கொன்வேயரை இழுக்கும் 7.5 கிலோவாட் மோட்டர் ஒன்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓவர்லோட் ரிலே ட்ரிப். 400 வோல்ட் மோட்டருக்குக் கிலோவாட்டுக்கு இரண்டு அம்பியர் என்பது மனக்கணக்கு. ஆக இது 15 அம்பியர் மோட்டர். ரிலேயின் டயல் எதில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். 15இல் இருக்கவேண்டியது 18இல் நின்றால், இந்தப் பழுது இன்றைக்கு வந்ததில்லை, முன்பு வந்த ஒருவர் டயலைத் திருகி மறைத்திருக்கிறார். ஸ்டார்-டெல்ட்டா ஸ்டார்ட்டர் (மோட்டரைக் குறைந்த மின்னோட்டத்தில் தொடக்கிப் பிறகு முழுதுக்கு மாற்றுவது) என்றால் இன்னொரு பொறி உண்டு: ரிலே சுருளோடு தொடராக இருந்தால் முழு மின்னோட்டத்தின் 0.58 மடங்குக்குத்தான் வைக்கவேண்டும். 22 கிலோவாட், 42 அம்பியர் மோட்டருக்கு 24 அம்பியர். அங்கே 42 வைத்திருந்தால் அந்த ரிலே வெறும் அலங்காரம்.

ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டியபின் தண்டைக் கையால் சுற்றுங்கள். இறுகினால் மோட்டரையும் கியர் பெட்டியையும் பிரித்து, எந்தப் பக்கம் இறுகுகிறது என்று பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் மூன்று சுருள்களின் தடையையும் சோடி சோடியாக அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும். பிறகு 500 வோல்ட் மெகர் (காப்புத் தடையை அளக்கும் மீற்றர்), சுருளுக்கும் எர்த்துக்கும் இடையில். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு கிழமை சும்மா நின்ற மோட்டர் ஈரத்தாலும் குறைவாகக் காட்டும். உலர்த்தி மறுபடி அளக்கலாம். வேகத்தை மாற்றும் ட்ரைவ் மூலம் ஓடும் மோட்டர் என்றால் மெகர் வைக்குமுன் ட்ரைவிலிருந்து கேபிளைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றாமல் வைத்தால் ஒரு மோட்டர் பழுது ஒரு மோட்டரும் ஒரு ட்ரைவுமாக வளர்ந்துவிடும். ட்ரைவின் உள்ளே டிசி பஸ்ஸில் 565 வோல்ட் அளவு நிற்கும். மின்சாரத்தை வெட்டியபின்னும் பெட்டியில் எழுதியுள்ள நிமிடக் கணக்குக்குக் காத்திருந்து, அளந்து பார்த்துத்தான் கை வைக்கலாம்.

எல்லாம் சரி என்றால்தான் ரீசெட். அதுவும் கிளாம்ப் மீற்றரை மாட்டிக்கொண்டு. மூன்று பேஸிலும் ஒரேயளவு கூடினால் கோளாறு மோட்டருக்கு வெளியே: பெயரிங், இறுகிய பெல்ட், அடைத்த கொன்வேயர். ஒன்றில் பூச்சியம், மற்ற இரண்டில் எக்கச்சக்கம் என்றால் ஒரு பேஸ் இல்லை. பியூஸ், கொன்டக்டரின் எரிந்த முனை, தளர்ந்த லக் என்று தேடுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் ஒரு பழைய வித்தை உண்டு. மூன்று வயர்களையும் ஒரு படி நகர்த்துங்கள்: முதலாவது இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது மூன்றுக்கு, மூன்றாவது ஒன்றுக்கு. சுற்றும் திசை மாறாது. கூடிய மின்னோட்டம் அதே சப்ளை பேஸிலேயே நின்றால் குற்றம் சப்ளையில். மோட்டர் முனையோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் சுருளில். மோட்டரின் சுருளைப் புதிதாகச் சுற்றக் கொடுப்பதா என்ற வாக்குவாதம் பத்து நிமிடத்தில் முடியும்.

சென்சர் சமாச்சாரம்

இரவில் லைன் நிற்கும் தடவைகளில் மோட்டரைவிட சென்சரும் அதன் வயரும் பெரிய குற்றவாளிகள் என்பது என் எண்ணம். பிழைச் செய்தி இல்லாமல் இயந்திரம் பேசாமல் நின்றால் அது எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. பிஎல்சியின் உள்ளீட்டு விளக்குகளை நல்ல நிலையில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் எதற்கு என்று தெரியும். (நல்ல நிலையில் படம் எடுத்து வைக்கவில்லையா? இன்றைக்கே எடுங்கள், லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது.)

இரும்பைக் கண்டதும் 24 வோல்ட் சிக்னல் கொடுக்கும் மூன்று வயர் பிஎன்பி சென்சரில் மண்ணிறம் 24 வோல்ட், நீலம் பூச்சியம், கறுப்பு சிக்னல். முன்னால் இரும்பைக் காட்டினால் சென்சரில் விளக்கு எரிகிறது, பிஎல்சியில் எரியவில்லை என்றால் இடையிலுள்ள கேபிள் அறுந்திருக்கிறது. அதுவும் அநேகமாக மடிந்து மடிந்து ஆடும் இடத்தில், தோல் கெடாமல், உள்ளே. சென்சரிலேயே எரியாவிட்டால் முதலில் 24 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 19, 20 என்று காட்டினால் அந்த பவர் சப்ளை களைத்துவிட்டது. லைன் முழுவதும் விட்டு விட்டுப் பேய் பிடித்தமாதிரி நடக்கும். வோல்டேஜ் சரி என்றால் இடைவெளி. எம்12 (12 மில்லிமீற்றர் மரையுள்ள) சென்சர் பலவற்றுக்கு 2 முதல் 4 மில்லிமீற்றர்தான் எட்டும், அதுவும் இரும்புக்கு. இரும்புத் தட்டை யாரோ அலுமினியத்தில் செய்து மாற்றினால் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும். சந்தேகமிருந்தால் பக்கத்திலுள்ள அதே வகை சென்சரை மாற்றி மாட்டிப் பாருங்கள். பழுது கூடவே வந்தால் சென்சர், வராவிட்டால் வயர்.

பெயரிங்கும் றாக்கையும்

பெயரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை ஐந்தால் பெருக்கினால் தண்டின் விட்டம் கிடைக்கும். 6308 என்றால் 40 மில்லிமீற்றர். மோட்டருக்கு சி3 (உள் இடைவெளி கூடியது) என்று அடித்ததைப் போடுங்கள். சூடேறும்போது விரிய இடம் இருக்கும். ஏற்றுவதற்கு இன்டக்ஷன் ஹீட்டரில் 110 பாகை, 120ஐத் தாண்டவேண்டாம். காஸ் விளக்கால் சுடுவதும், வெளி வளையத்தில் சுத்தியலால் தட்டுவதும் புதுப் பெயரிங்கைப் பழசாக்கிப் போடும் வழிகள். தண்டில் ஏற்றும்போது தள்ளவேண்டியது உள் வளையத்தை.

கிறீஸ் கூடினாலும் பெயரிங் சாகும். வெளி விட்டத்தை அகலத்தால் பெருக்கி, 0.005ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு வரும். 6308க்கு 90, 23: பத்து கிராம் சொச்சம். கிறீஸ் கன் ஒரு தடவைக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று தராசில் ஒருமுறை நிறுத்து, கன்னிலேயே எழுதி வையுங்கள். லித்தியம் கிறீஸ் போட்டதில் பொலியூரியாவைக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து சில வேளை நீராய் ஒழுகும்.

இரவு அலுமாரியில் என்ன இருக்கவேண்டும் என்பது தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். பொதுவாக இல்லாமல் தவிப்பது விலை கூடிய பொருளுக்கு இல்லை: 8 மில்லிமீற்றர் பியூ காற்று டியூப், எம்12 கேபிள், சங்கிலியின் இணைப்புக் கண்ணி, ஒயில் சீல், சரியான அளவு பியூஸ். பத்து அம்பியர் பியூஸ் இல்லாமல் பதினாறு போடுவது நடக்கக்கூடாத விடயம். கொன்டக்டர் எடுக்கும்போது கொயில் வோல்டேஜைப் படியுங்கள். 230 ஏசி கொயிலும் 24 டிசி கொயிலும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். வி-பெல்ட் மூன்றில் ஒன்று அறுந்தால் மூன்றையும் மாற்றவேண்டும். புதியது ஒன்றை மட்டும் போட்டால் முழுப் பாரத்தையும் அதுவே இழுத்து அறும். சித்திரைப் புத்தாண்டுக்குக் கடைகள் நாட்கணக்கில் பூட்டும். தொழிற்சாலைகள் பெரிய பராமரிப்பு வேலைகளை வைப்பதும் அப்போதுதான். சாமான் பட்டியல் மார்ச் முதல் கிழமையில் போயிருக்கவேண்டும்.

பூட்டு

மின்சாரம் உள்ள பனலில் தனி ஆளாக இரவில் கை வைக்கக்கூடாது. பூட்டு ஆளுக்கொன்று, சாவி அவரவர் சட்டைப்பையில். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் பார்த்து, பிறகு வெட்டிய இடத்தில் பார்த்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் பாருங்கள். இடையில் டெஸ்டரே செத்திருந்தால் அப்போதுதான் தெரியும். மின்சாரம் போனாலும் சிலிண்டருக்குள் காற்று நிற்கும், தூக்கிய பாரம் தொங்கும், அக்கியூமுலேட்டரில் எண்ணெய் அழுத்தம் இருக்கும், குழாயில் நீராவி இருக்கும்.

கதவு சுவிட்சுக்குக் குறுக்கே கம்பித் துண்டு போட்டு "காலைவரை மட்டும்" ஓட்டச் சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லவேண்டிய இடம் அது. இயந்திரத்தின் அபாயமான பாகங்களுக்குக் காப்பு இருக்கவேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கம்பியைப் போட்டவரின் கையெழுத்துத்தான் பிறகு தேடப்படும். வாக்குவாதம் வேண்டாம். "எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள், அநேகமாகக் கதை அத்தோடு முடியும்.

பொயிலர் பற்றி ஒன்றே ஒன்று: கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியாவிட்டால் பர்னரை நிறுத்துங்கள், தண்ணீர் விடாதீர்கள். காய்ந்து சிவந்த குழாயில் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

மூன்றிலிருந்து ஐந்துவரை

உடம்பின் வெப்பம் மிகவும் இறங்கும் நேரம் இது. கண் திறந்திருக்கும், மூளை ஒரே வரியை மூன்று தடவை வாசிக்கும். பிஎல்சி ப்ரோகிராமைத் திருத்துவது, ட்ரைவின் பராமீற்றர்களை மாற்றுவது, எண்களை நகலெடுப்பது போன்றவற்றை இரண்டு மணிக்கு முன் முடியுங்கள். மூன்றுக்குப் பிறகு தவிர்க்கமுடியாவிட்டால் ஒருவர் வாசிக்க இன்னொருவர் அழுத்தட்டும். நடந்து செய்யும் வேலைகளை அந்த நேரத்துக்கு ஒதுக்கலாம். நிர்வாகம் அனுமதித்தால் இருபது நிமிடக் குட்டித் தூக்கம், அதற்குமேல் போனால் எழும்பும்போது ஆள் பேயறைந்தமாதிரி இருப்பார். பன்னிரண்டு மணிக்குக் கொத்து ரொட்டியை ஒரு பிடி பிடித்துவிட்டு மூன்று மணிக்கு விழித்திருக்க நினைப்பது பேராசை. கடைசிப் பிளேன்ரீ இரண்டரையோடு நிற்கட்டும். அதற்குப் பின் குடித்தது காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கட்டிலில் கிடக்கும்போதும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். கோயில் ஒலிபெருக்கிக்கும் பக்கத்து வீட்டுக் கட்டட வேலைக்கும் காதடைப்பான். வெயிலுக்குத் தடித்த கறுப்புத் திரை. மின்விசிறியின் இரைச்சலும் உதவும்.

பதிவுப் புத்தகம்

"லைன் 3 மோட்டர் ட்ரிப். ரீசெட் செய்தது. ஓகே." இப்படியான வரிகளால் நிறைந்த பதிவுப் புத்தகம் தாளுக்குக் கேடு. கீழே உள்ளது கொஞ்சம் நீளம், ஆனால் பகல் ஆள் இதை வைத்து வேலை செய்யலாம்:

"01:40. லைன் 3 கொன்வேயர் மோட்டர், 7.5 கிலோவாட், ஓவர்லோட் ட்ரிப். ரிலே 15இல். ஒப்பரேட்டர் சொன்னது: அரை மணித்தியாலமாக 'ஹிர வெனவா'. கையால் சுற்ற மோட்டர் இலகு, கியர் பெட்டிப் பக்கம் இறுக்கம். மெகர் 80 மெகா ஓம். வால் உருளையின் இடப்பக்கப் பெயரிங் கூடு உடைந்திருந்தது. 6205 சீல் போட்டது ஒன்று மாற்றப்பட்டது. ஸ்டோர்ஸில் இனி ஒன்றுதான் உண்டு. ஓடும்போது 11.2, 11.4, 11.1 அம்பியர். வலப்பக்கப் பெயரிங்கிலும் சத்தம் உண்டு, மாற்றவில்லை. 02:55க்கு ஓடியது."

ஆறு மணிக்குக் கையளிக்கும்போது வாசலில் நின்று பேசாமல், பகல் ஆளை அந்த உருளைக்குப் பக்கத்தில் கூட்டிப் போய், நிறுத்தும் முன் வலப்பக்கத்துச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். விடியும்வரை தாங்கட்டும் என்று கட்டியது எதுவானாலும் அதில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கவேண்டும்: திகதி, நேரம், என்ன கட்டியிருக்கிறது, எப்போது கழற்றவேண்டும், யார் கட்டியது. அட்டையைக் கழற்றுவது, அந்த வேலையை நிரந்தரமாக முடித்தவர்.